எண்டெரல் விளையாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டெரல் பற்றி எங்கேயாவது வாயைத் திறந்தால் போதும், அன்று ராத்திரி வாட்ஸப்பில் அதே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். அலுவலகத்தில் கேட்டது, என்எஸ் (தேசிய சேவை) காலத்து நண்பர்கள் கேட்டது, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா பையன்கள் கேட்டது என எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

எண்டெரல்னா என்னடா? புது கேமா?

புதிதில்லை. பெதெஸ்டா நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ஸ்கைரிம் கேம் தெரியும்தானே, ஒரு அமெச்சூர் குழு அதன் எஞ்சினை (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) மட்டும் வைத்துக்கொண்டு மேலே இருந்த அத்தனையையும் கழற்றிவிட்டு வேறு ஒரு உலகத்தையே கட்டியிருக்கிறது. நிலம் வேறு, ஊர்கள் வேறு, கதை வேறு, லெவல் ஏறும் விதி வேறு. ஸ்கைரிமில் பார்த்த ஒரு இடம்கூட இதில் வராது. மரம், நாற்காலி, சில கவசங்கள் மட்டும் பழைய முகமாக இருக்கும்.

ஜெர்மன் பதிப்பு 2016 ஜூலையில் வந்தது, ஆங்கிலம் அடுத்த மாதமே வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் 'ஃபர்காட்டன் ஸ்டோரீஸ்' என்ற விரிவாக்கத்தோடு ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைக்கு வந்தது. ஸ்கைரிமின் புதுப்பித்த பதிப்பான ஸ்பெஷல் எடிஷனில் ஓடும் பதிப்பு 2021-ல் வந்தது. இப்போது தொடங்குபவர்கள் இந்தக் கடைசிப் பதிப்பையே எடுங்கள்.

அமெச்சூர்னு சொல்றீங்க, அப்போ பாலிடெக்னிக் பசங்க ப்ராஜெக்ட் மாதிரி இருக்குமா?

அமெச்சூர் என்றால் இங்கே சம்பளம் வாங்காமல் செய்தவர்கள் என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷூர்ஏஐ என்ற ஜெர்மன் குழு 2003-லிருந்து இதே வேலையில் இருக்கிறது. ஸ்கைரிமுக்கு முந்தைய கேம்களான மாரோவிண்ட் மேல் 'ஆர்க்ட்வெண்ட்', பிறகு ஒப்ளிவியன் மேல் 2010-ல் 'நெஹ்ரிம்', அதற்குப் பிறகு பல வருடம் உழைத்து எண்டெரல். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். 2016 கேம் அவார்ட்ஸ் விழாவில் ரசிகர்கள் உருவாக்கியவற்றுக்கான விருதும் இதற்குத்தான் போனது.

அதற்காகப் பெரிய நிறுவனத்தின் மினுமினுப்பை எதிர்பார்க்க வேண்டாம். சில காட்சிகளில் பாத்திரங்கள் விறைத்துப்போய் நிற்பார்கள், உதடு ஒரு பக்கம் போகும், வசனம் இன்னொரு பக்கம் போகும். ஆனால் ஒரு தெருமுனையில் எந்தத் தூணை எங்கே வைக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது நடக்க நடக்கத் தெரியும்.

இலவசம்னு சொன்னாங்க, அப்புறம் ஸ்கைரிம் வாங்கச் சொல்றாங்க. எது உண்மை?

இரண்டுமே. எண்டெரலுக்குக் காசு கிடையாது, ஆனால் உங்கள் ஸ்டீம் கணக்கில் ஸ்கைரிம் இருக்க வேண்டும். பெதெஸ்டா கொடுத்த கருவிகளால் செய்ததை அவர்கள் விற்க முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. ஸ்பெஷல் எடிஷன் பதிப்புக்கு ஸ்பெஷல் எடிஷன்தான் வேண்டும், பழைய 2011 ஸ்கைரிமை வைத்து அது ஓடாது. ஸ்டீம் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் ஸ்கைரிம் நல்ல விலைக்கு இறங்கும், முழு விலை கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஸ்கைரிமில் பாதியில் நிற்பவர்கள் பயப்பட வேண்டாம். ஸ்டீமில் எண்டெரல் தனி கேமாக நிற்கும், உங்கள் பழைய சேவ்களை அது தொடாது.

போன்ல வருமா? இல்லன்னா பிஎஸ்5-ல?

வராது. கம்ப்யூட்டர் மட்டும்தான்.

சிம் லிம் ஸ்குவேர்ல வாங்கின பழைய லேப்டாப் இருக்கு, தாங்குமா?

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் ஓடினால் இதுவும் ஓடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ராம் வேண்டும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டாலும் நிழல்களையும் தூரத்துப் புல்லையும் குறைத்து வைத்து ஓட்டலாம், ஆனால் ஆர்க் என்ற தலைநகருக்குள் நுழையும்போது திணறும். அந்த ஊரில் அவ்வளவு சாமான், அவ்வளவு ஆட்கள். நல்ல கம்ப்யூட்டர்களே அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும், உங்கள் லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, அதுல அப்படி என்னதான் நல்லா இருக்கு?

முதலில் இடம். வரைபடம் ஸ்கைரிமைவிடச் சிறியது, ஆனால் நெருக்கமானது. கடற்கரை, வெயில் காயும் பாலைநிலம், பனிமலை, இருண்ட காடு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி வரும், ஒவ்வொன்றிலும் யாரோ கையால் வைத்த ஏதோ ஒன்று கிடைக்கும். பாழடைந்த வீட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தால், அந்தக் கடிதத்துக்கும் மாடியில் கிடக்கும் எலும்புக்கூட்டுக்கும் தொடர்பு இருக்கும். குகைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்றைச் செய்த மாதிரி இருக்காது.

அடுத்து ஆர்க் நகரம். எண்டெரலில் ஒவ்வொருவரும் ஒரு 'பாதை'யில் பிறக்கிறார்கள், கடவுள் விதித்தது என்று சொல்லி எந்தப் பாதையில் பிறந்தாயோ அந்த வேலை, அந்த வாழ்க்கை. அதை மீறியவர்களும் துரத்தப்பட்டவர்களும் பாதையற்றவர்கள். அவர்கள் இருப்பது நகரத்துக்கு அடியில், வெளிச்சமே இறங்காத பாதாள நகரத்தில். ஜெர்மன்காரர்கள் எதை மனதில் வைத்து எழுதினார்களோ, நம் ஆட்கள் யாருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. மேலே பளிங்குக் கோயிலில் புண்ணியம் பேசுகிறவர்களைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கீழே இறங்கினால் கதை எதைப் பற்றியது என்பது தானாகப் புரிந்துவிடும்.

மூன்றாவது, கூட வருகிறவர்கள். ஜெஸ்பார் என்ற கூலிப்படைக்காரன், கேலியா என்ற படைப்பெண். ஸ்கைரிமில் துணைக்கு வருகிறவர்கள் மூட்டை தூக்கத்தான் லாயக்கு, இவர்களோ உங்களோடு வாக்குவாதம் செய்வார்கள், பொய் சொல்வார்கள், ராத்திரி கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஜெஸ்பாரின் அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று மெல்ல மெல்லத் தெரிய வரும் விதம், காசு கொடுத்து வாங்கிய பல கேம்களில் நான் பார்க்காத எழுத்து.

ஆரம்பமே போரடிக்குதே அண்ணே, எப்போ சூடு பிடிக்கும்?

உண்மைதான் தம்பி, ஆரம்பம் இழுவை. ஒரு கனவு, ஒரு கப்பல், நிறையப் பேச்சு, அப்புறம் கரை ஒதுங்கி, யார் யாரோ வந்து உலக வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். ரிவர்வில் என்ற சிற்றூரைத் தாண்டும்வரை உங்கள் கையில் பெரிதாக எதையும் கொடுக்க மாட்டார்கள். ஆர்க் நகரத்தைப் பார்த்தபிறகு முடிவெடுங்கள். அதுவரை வந்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அதற்குப் பிறகு கேம் வேறு ஆளாக மாறிவிடப் போவதில்லை.

அந்தக் கனவை மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். முதல் காட்சியில் அப்பா பேசும் பேச்சுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

ஏன் சாதாரண ஓநாய்கூட என்னைக் கொல்லுது?

ஏனென்றால் நீங்கள் போகக் கூடாத பக்கம் போயிருக்கிறீர்கள். ஸ்கைரிமில் பகைவர்கள் பெரும்பாலும் உங்கள் லெவலுக்குத் தகுந்த மாதிரி இறங்கி வருவார்கள். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடினம் உண்டு, நீங்கள் யாராக இருந்தாலும் அது மாறாது. லெவல் 5-ல் மலைப்பக்கம் போனால் அடி நிச்சயம்.

இதைக் குறை என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு இது பெரிய பலம். முன்பு ஓட ஓடத் துரத்திய ஒன்றை அப்புறம் திரும்பிப் போய் சாய்க்கும் திருப்தி, எல்லாமே உங்கள் உயரத்துக்கு வளைந்து கொடுக்கும் கேம்களில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் எந்தப் பக்கம் ஆபத்து என்று கேம் சரியாகச் சொல்வதில்லை, அது குறைதான். பெரிய சாலையை விட்டு விலகாமல் இருந்தால் ஆரம்பத்தில் தப்பிக்கலாம்.

லெவல் ஏறிட்டேன், ஆனா வாள் திறமை ஏறவே மாட்டேங்குது. பக் ஆ?

பக் (நிரல் பிழை) இல்லை. வாள் வீசினால் வாள் திறமை ஏறும் என்பதெல்லாம் ஸ்கைரிமோடு போச்சு. இங்கே சண்டை போட்டாலோ குவெஸ்ட் (கேம் கொடுக்கும் வேலை) முடித்தாலோ அனுபவப் புள்ளிகள் வரும், லெவல் ஏறும், அதோடு கற்றல் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளியைச் செலவழிக்க ஒரு பாடப் புத்தகம் வேண்டும், அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் படித்தால்தான் திறமை ஏறும். கைத்தொழில்களுக்கு வேறு புள்ளி, வேறு புத்தகம். மேல்நிலைப் புத்தகங்கள் விலை அதிகம்.

இதனால் ஒரு நல்லது நடக்கிறது, கிடைக்கும் ஒவ்வொரு காசுக்கும் மதிப்பு வருகிறது. ஸ்கைரிமில் பாதிக்குமேல் பணம் சும்மா குவிந்து கிடக்கும், இங்கே கடைசிவரை கை கடிக்கும். (டியூஷனுக்குப் பணம் கட்டியே வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புது அனுபவம் இல்லை.) எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றாமல் ஒன்றிரண்டு வித்தைகளில் மட்டும் புள்ளியைப் போடுங்கள்.

மருந்து குடிச்சே செத்துட்டேன். இது என்ன நியாயம்?

இதற்கு மாயக் காய்ச்சல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். காயம் ஆற்றும் மந்திரமும் மருந்தும் உடம்பில் அந்தக் காய்ச்சலை ஏற்றும், 100 சதவீதம் தொட்டால் கதை முடிந்தது. அம்ப்ரோசியா என்ற மருந்து குடித்தால் இறங்கும், அது சுலபமாகக் கிடைக்காது. அதனால் சண்டை முடிந்ததும் மருந்தைத் தொடாதீர்கள், சாப்பிடுங்கள், உணவு மெதுவாக உயிரை ஏற்றும், காய்ச்சல் வராது.

கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது, மந்திரம் இந்த உலகத்தில் உண்மையிலேயே உடம்பைத் தின்னும் விஷயம். விளையாடுவதற்குத்தான் சில சமயம் எரிச்சல். கத்தியோடு நேருக்கு நேர் நிற்பவர்கள் ஆரம்பத்தில் மருந்தை நம்பித்தான் ஆக வேண்டும், அவர்களுக்கு இந்த விதி கொஞ்சம் ஓரவஞ்சனை செய்கிறது. முதல் முறை விளையாடுகிறவர்கள் வில்லோடு தொடங்கினால் பாதி வலி குறையும்.

மேப்ல கிளிக் பண்ணிப் போக முடியலையே?

முடியாது. மிராட் என்ற பறக்கும் பிராணிகள் உண்டு, காசு கொடுத்தால் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் விடும். எம்ஆர்டி மாதிரிதான், ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வரும், வீட்டு வாசலுக்கு வராது. மிச்சத்தை நடக்க வேண்டும். ஊருக்குத் திரும்புவதற்குச் சுருள் விற்கிறார்கள், எப்போதும் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும்.

நடக்க வைப்பது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், மேலே சொன்ன கடிதமும் எலும்புக்கூடும் நடந்தால்தான் கண்ணில் படும். ஆனால் சில குவெஸ்ட்கள் ஒரே வழியில் நாலு தடவை அனுப்பும்போது பொறுமை போகும்.

கிராஷ் ஆகிட்டே இருக்கும்னு கேள்விப்பட்டேன்?

2016-ல் வந்த பதிப்பு பழைய ஸ்கைரிம் எஞ்சினில் ஓடியது. அது 32 பிட், நினைவகம் நிரம்பினால் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். கெட்ட பெயர் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். ஸ்பெஷல் எடிஷன் 64 பிட் என்பதால் அந்தத் தலைவலி பெருமளவு போய்விட்டது. இருந்தாலும் ஆட்டோசேவை மட்டும் நம்பாமல் பல இடங்களில் தனித்தனியாக சேவ் செய்து வையுங்கள், எப்போதாவது ஒரு குவெஸ்ட் மாட்டிக்கொண்டு நகராது, அப்போது பழைய சேவ்தான் காப்பாற்றும்.

இன்னொன்று, ஸ்கைரிமுக்கு வைத்திருக்கும் மோட்களை (ரசிகர்கள் செய்த மாற்றங்களை) கொண்டுவந்து இதில் கொட்டாதீர்கள். விதிகளையே மாற்றிய கேம் என்று மேலே சொன்னேனே, லெவல், திறமை, மந்திரத்தைத் தொடும் எந்த மோடும் இதை உடைக்கும்.

உன் மனசுல பட்ட பெரிய குறை எது? மழுப்பாம சொல்லு.

கத்தரிக்க ஆள் இல்லை. பெரிய நிறுவனத்தில் யாராவது ஒரு மேலாளர் வந்து, இந்த வசனம் நீளம், இந்தக் குவெஸ்ட் வேண்டாம், பட்ஜெட் இல்லை என்று வெட்டியிருப்பார். இவர்களிடம் அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. அதனால்தான் ஒரு நிறுவனம் பயந்து தொடாத கதையை, அவ்வளவு இருட்டான கதையை, இவர்களால் சொல்ல முடிந்தது. அதே காரணத்தால்தான் ஒரு மந்திரவாதி நிற்க வைத்து நீண்ட உபதேசம் செய்யும்போது எஸ்கேப் பொத்தானைத் தேடுகிறோம். பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருவதால், ஒன்றை மட்டும் கழற்றிவிட முடியாது.

இன்னும் குறிப்பாகச் சொன்னால், முக்கியக் கதையின் நடுப்பகுதியில் அதை எடுத்து வா, இதை எடுத்து வா என்ற வேலைகள் அதிகம். உலகமே அழியப் போகிறது என்று ஒரு பக்கம் அலறிக்கொண்டே இன்னொரு பக்கம் குகைக்குள் ஏதாவது பொருள் தேட அனுப்புவார்கள். உங்கள் பாத்திரத்துக்கு வசனத் தேர்வுகள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடியும், நீங்கள் தேர்ந்தெடுத்ததால் கதை திரும்புவது கடைசிப் பக்கத்தில்தான். கதை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாதாடலாம், அதன் கருவே விதியைப் பற்றியது. எனக்கு அந்தச் சமாதானம் முழுசாக ஒட்டவில்லை.

சண்டையும் அப்படியே ஸ்கைரிம் சண்டைதான். விதிகளை எவ்வளவு மாற்றினாலும் வாள் படும்போது கையில் எடை தெரியாது. ஸ்கைரிம் சண்டை பிடிக்காதவருக்கு இதுவும் பிடிக்காது.

வீக்கெண்ட் மட்டும்தான் கேம்ப்ல இருந்து வருவேன். எனக்கு ஒத்து வருமா?

கஷ்டம்தான். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாலே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், சுற்றிப் பார்த்தால் 100-ஐத் தொடும். சனிக்கிழமை விளையாடிவிட்டு ஞாயிறு ராத்திரி புக் இன் செய்துவிட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தால், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதே மறந்திருக்கும். குவெஸ்ட் குறிப்பேடு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படித்துவிட்டு ஆரம்பித்தால் ஓரளவு சமாளிக்கலாம். என்னைக் கேட்டால் ஓஆர்டி (என்எஸ் முடியும் நாள்) வரைக்கும் பொறு.

தம்பி, என் மகன் தொடக்கப்பள்ளி பிஎஸ்எல்இ பரீட்சை முடிச்சிட்டான், லீவுக்கு இதைப் போட்டுக் கொடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. படத்தைப் பார்த்தால் வாள், மந்திரம், கோட்டை என்று குழந்தைகள் கதை மாதிரிதான் தெரியும். உள்ளே தற்கொலை, போதை, விபச்சாரம், குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை எல்லாம் நேராகவே வருகிறது. ரத்தத்தைவிட அந்த மனச்சோர்வுதான் பையனுக்குக் கனமாக இருக்கும். இங்கே கடையில் விற்கும் கேம்களில் 18 வயதானவர்களுக்கான எம்18 முத்திரை பார்த்திருப்பீர்களே, இதையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

பெரியவர்களிலும், மனசு சரியில்லாத நாட்களில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப் போடுவது நல்லது. கதை ஆறுதல் சொல்கிற வகை இல்லை.

இலவசமா கொடுத்தவங்களைக் குறை சொல்றது சரியா?

சம்பளமில்லாமல் செய்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால், அவர்களை முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைகளாக நடத்துகிறோம் என்று அர்த்தம். எண்டெரலுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. எடையில் மற்ற கேம்களுக்குப் பக்கத்தில் வைத்தே இதைப் பேசலாம்.

ஆனால் தொனி என்று ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து ஏமாந்த வாடிக்கையாளர் மாதிரி சத்தம் போட நமக்கு உரிமை கிடையாது. பக் வந்தால் எங்கே வந்தது, எப்படி வந்தது என்று எழுதிக் கொடுங்கள், அது உதவி. ராத்திரி வேலை முடித்து வந்து உட்கார்ந்து சரிசெய்த ஆட்கள் அவர்கள்.

அப்போ ஸ்கைரிமை விட மேலா?

கதையிலும் பாத்திரங்களிலும் மேல், சந்தேகமே இல்லை. சும்மா கால் போன போக்கில் திரிவதற்கும், வேண்டியபடி ஆளை உருவாக்கி இஷ்டத்துக்கு வாழ்வதற்கும் ஸ்கைரிம்தான். எண்டெரல் உங்களை ஒரு குறிப்பிட்ட மனிதனாக இருக்கச் சொல்லும், அதை ஏற்றுக்கொள்ள மனமிருந்தால் மட்டும் வாருங்கள்.

முடிச்சுட்டேன் அண்ணே, ரெண்டு நாளா வேற எதையும் தொட முடியலை. இப்போ என்ன பண்றது?

பாதாள நகரத்து ராலாட்டா கூட்டத்தின் கதையையும், வணிகர் சங்கமான கோல்டன் சிக்கிள் கதையையும் முடித்தாயா? இரண்டும் விரிவாக்கத்தோடு வந்தவை, பலரும் தவறவிடுகிறார்கள். ராலாட்டா கதை முக்கியக் கதையைவிட இறுக்கமாக எழுதப்பட்டது, நான் பழித்த நீளம் அதில் இல்லை. வழக்கமான முடிவுகள் தவிர, ஒளித்து வைத்த முடிவு ஒன்றும் அதே விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்டது.

அதையும் பார்த்துவிட்டால் நெஹ்ரிம். எண்டெரலில் கடவுள்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அங்கேதான் முழுப் பதில். ஒப்ளிவியன் வேண்டும், நெஹ்ரிம் 2020-லிருந்து ஸ்டீமில் இலவசம். குரல் முழுக்க ஜெர்மன், கீழே ஆங்கில எழுத்து ஓடும், அதனால் சாப்பிட்டுக்கொண்டே விளையாட முடியாது. முகங்கள் 2006-ஆம் ஆண்டு முகங்கள், பார்த்துப் பழக ஒரு நாள் ஆகும்.